முப்பத்து நான்கு மில்லிமீட்டர் ஆள்

இதை நான் கற்பனை செய்யவில்லை. அந்த அளவுக்கு எனக்குக் கற்பனையும் கிடையாது. நடந்த நாளும் நேரமும் என் வேலைக் குறிப்பேட்டில் பென்சிலால் எழுதியே இருக்கின்றன: சனிக்கிழமை, காலை 11.10 முதல் பகல் 12.04 வரை. ராத்திரி இல்லை. மழை இல்லை. மின்சாரம் போகவில்லை. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பேய் என்றால் முதுகு சில்லிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அன்று சில்லிடவில்லை. குமட்டியது. பயம் பிறகுதான் வந்தது. இன்றைக்கும் இதை எழுதும்போது விரல் நுனியை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொள்கிறேன். சோப்பு வாசனை வந்தால்தான் அடுத்த வரி ஓடுகிறது.

நான் வரைபடக்காரி. ஆர்க்கிடெக்ட் இல்லை. ஆர்க்கிடெக்ட் காற்றில் கை வீசிச் சொல்வதைத் தாளில் அளவோடு இறக்கி வைக்கிறவள். பத்தொன்பது வருடமாக இதுதான் பிழைப்பு.

எங்கள் ஆபீசில் மேடம் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்: ஆள் இல்லாத படம் அவர் மேஜைக்கு வரக்கூடாது. ஒரு கதவை மட்டும் தனியாக வரைந்து காட்டினால் அது கோட்டைக் கதவா, கோழிக்கூட்டுக் கதவா என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டால் சின்னக் குழந்தைக்கும் புரிந்துவிடும். கட்டடத்தின் அளவைச் சொல்வது சுவர் இல்லை, பக்கத்தில் நிற்கிற மனிதன்தான்.

ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. முழு வீட்டை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி வரைவோம். ஒரு அறையை ஐம்பதில் ஒன்றாக. குளியலறையை இருபதில் ஒன்றாக. சுருக்கம் மாறினால் கூட நிற்கும் ஆளின் உயரமும் தாளில் மாற வேண்டும். சோம்பேறிகள் மாற்ற மாட்டார்கள். ஒரே ஆளை எல்லாத் தாளிலும் அப்படியே நகல் எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்தக் காரியத்தைச் செய்தேன். குளியலறைப் படத்தில் என் ஆள் வாளி உயரம்கூட இல்லை. மேடம் அதை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினார். "இவன் குளிக்கப் போறானா, வாளிக்குள்ள விழுந்து சாகப் போறானா?" ஆபீசே சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் "வாளி". இன்று வரை மேடம் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். அதனால் அந்தத் தப்பை வேறு யாராவது செய்தால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

இனி வீட்டுக்கு வருகிறேன்.

என் தம்பி ஒரு பழைய வீட்டை வாங்கினான். அவன், அவன் மனைவி, ஐந்து வயது மகள். மகளை நாங்கள் சுண்டு என்போம். ஒன்றரை அறையில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தவர்கள். தனக்குத் தனி அறை வேண்டும் என்று சுண்டு ஒரு வருடமாக எல்லார் உயிரையும் எடுத்துக்கொண்டிருந்தாள். புது வீட்டில் மாடிப்படிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. அதைப் பார்த்த நிமிடமே "இது என்னுது" என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா இருக்கும்போது வெளியாள் எதுக்கு?" என்று தம்பி மொத்த வேலையையும் என் தலையில் கட்டினான்.

வீட்டுத் தரகர் பழைய வரைபடச் சுருள் ஒன்றைக் கொடுத்தார். வீட்டைக் கட்டியவரே கையால் வரைந்தது. நான்கு தாள்கள். ஆனால் மூலையில் "தாள் 1, மொத்தம் 5" என்று இருந்தது. ஐந்தாவது எங்கே என்று கேட்டேன்.

"கிடைக்கலம்மா. கழிவுநீர்க் குழாய்ப் படமா இருக்கும். விடுங்க" என்றார்.

விட்டுவிட்டேன்.

அந்த வார வியாழக்கிழமை, மாலை 5.40. தச்சர் போன் செய்தார். "பலகைக் கடை ஆறு மணிக்கு மூடிடுவான். பாப்பா ரூம் அலமாரிக்குப் படம் குடுத்தீங்கன்னா இன்னைக்கே அறுத்துடலாம்."

இருபது நிமிடம். சின்ன அறையின் படம் நான்காம் தாளில் இருந்தது, பத்தில் ஒன்றாக. அதன் மேல் டிரேசிங் தாளை வைத்துச் சுவரை நகல் எடுத்தேன். அலமாரியை வரைந்தேன். மேலே துணி, நடுவில் புத்தகம், கீழே பொம்மைகள் போட நாற்பது சென்டிமீட்டர் உயரமுள்ள, கதவு வைத்த ஒரு தட்டு. முடிந்தது. ஆள்தான் பாக்கி.

அந்த நான்காம் தாளில் வீட்டைக் கட்டியவர் ஆளே வரையவில்லை. பத்தொன்பது வருடப் பழக்கம், ஆள் இல்லாத படத்தை வெளியே விட என் கை வரவில்லை. முதல் தாள் பக்கத்திலேயே விரிந்து கிடந்தது. அதில் கூடத்துச் சுவரை ஒட்டி ஒருவன் நின்றான். நமக்கு முதுகைக் காட்டி, முகத்தைச் சுவரில் பதித்துக்கொண்டு. வலது கை தோளுக்கு மேலே தூக்கியிருந்தது, உள்ளங்கை சுவரில். தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது, அந்தப் பக்கத்தில் நடப்பதை ஒட்டுக்கேட்பவன் மாதிரி. இப்படி யார் ஆள் வரைவார்கள் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே அவனை அப்படியே நகல் எடுத்து அலமாரியின் கீழ்த்தட்டுக்குள் நிறுத்தினேன்.

ஆமாம். அளவை மாற்றாமல்தான்.

தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன். ஐம்பதில் ஒன்றில் நின்றவனைத் தூக்கிப் பத்தில் ஒன்றுக்குள் போட்டால் குட்டிச்சாத்தானாகி விடுவான் என்று எனக்கா தெரியாது? வீட்டு வேலைதானே, மேடமா பார்க்கப் போகிறார் என்று விட்டுவிட்டேன். பொம்மைத் தட்டில் பொம்மை மாதிரி நிற்கட்டும் என்று சிரிக்கவும் செய்தேன்.

அப்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். அந்த ஆள் மையில் வரைந்தது இல்லை. பழுப்பாக, எண்ணெய்க் கசிவு மாதிரி இருந்தான். என் தாள் அவன் மேல் ஒட்டிக்கொண்டது, பிய்த்துத்தான் எடுத்தேன். கையில் ஒரு நாற்றம். தலைக்குக் குளிக்காதவர் வருடக்கணக்கில் படுத்த தலையணை உறை இருக்கிறதே, அது. நான்கு முறை சோப்புப் போட்டேன். இரண்டு நாள் சாப்பிடும்போதெல்லாம் வந்தது.

இரண்டு வாரம் கழிந்தது. தச்சர் அலமாரியை முடித்துவிட்டார். பெயின்டர் கூடத்துக்கு வெள்ளை அடித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை குடிவருவதாக ஏற்பாடு. சுண்டு தன் பொம்மைகளை ஏற்கனவே பெட்டியில் போட்டு மேலே தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். அதற்கு முந்திய சனிக்கிழமை மீதி அளவுகளைச் சரிபார்க்க நான் தனியாகப் போனேன்.

11.10. கதவைத் திறந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அது அருமையாகக் கட்டிய வீடு. கதவுகளின் மேல் விளிம்பும் சன்னல்களின் மேல் விளிம்பும் அறைக்கு அறை ஒரே கோட்டில் ஓடின. கூடத்தின் அகலத்துக்கு எவ்வளவு உயரம் வேண்டுமோ அவ்வளவே உயரம். உள்ளே நுழைந்தால் நம் உடம்பே நிமிர்ந்துகொள்ளும். இவ்வளவு ஒழுங்கு தெரிந்த மனிதர் ஆளை வரைவதில் மட்டும் ஏன் அப்படி என்று யோசித்தபடி டேப்பை எடுத்தேன்.

11.18. கூடத்துச் சுவர். புது வெள்ளையில் ஒரு பழுப்புக் கறை. பெயின்டர் புலம்பியது ஞாபகம் வந்தது. மூன்று தரம் அடித்தும் அந்த இடத்தில் மட்டும் கசிகிறதாம்.

கிட்டே போனேன். வட்டமாக ஒரு நெற்றி. கீழே அழுந்திய மூக்கு. அதற்குக் கீழே திறந்த வாய். உதடுகள் சுவரில் பட்ட இடம் மட்டும் கூடுதல் கறுப்பு. அங்கிருந்து ஒரு கோடு எச்சில் வழிந்த மாதிரி கீழே இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு உள்ளங்கை. யாரோ வருடக்கணக்காக முகத்தை இதே இடத்தில் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். இரண்டு மூன்று தலைமுடிகள் வேறு, பெயின்டில் ஒட்டிக்கொண்டு.

சீ என்று வாய்விட்டே சொன்னேன். இப்படியுமா ஒரு வீட்டை வைத்துக்கொள்வார்கள்? இருந்தாலும் பழக்கம் விடுமா? அளந்தேன். உச்சந்தலை ஒரு மீட்டர் எழுபது. வாயின் அகலம் ஆறு சென்டிமீட்டர். பழைய குடித்தனக்காரர் யாரோ, சராசரி உயரம், மகா அழுக்கர் என்று குறித்துக்கொண்டேன்.

11.27. குளியலறை. வாளி வைக்கும் மூலையில் அதே கறை. பளபளக்கும் சுவர் ஓட்டின் மேல் எண்ணெய்ப் படலமாக. நெற்றி, மூக்கு, திறந்த வாய், தூக்கிய வலது கை, சாய்ந்த தலை. எல்லாம் அதே. ஆனால் தரையிலிருந்து அறுபத்தெட்டு சென்டிமீட்டர்தான். என் தொடை உயரம்.

குழந்தை என்று நினைத்தேன். அப்பா அழுக்கர் என்றால் பிள்ளை எப்படி இருக்கும்? ஆனால் இரண்டே கால் அடிக் குழந்தைக்குத் தலை பெரிதாகவும் கைகால் குட்டையாகவும் இருக்கும். இது அப்படி இல்லை. வளர்ந்த ஆணின் முகம். நீண்ட மூக்கு, அகன்ற தாடை. அப்படியே சுருங்கியிருந்தது.

அதிலும் தலைமுடி ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். சிலந்தி நூலைப் போல, அவ்வளவு மெல்லியது.

வாயில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது. விழுங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

11.36. மாடிப்படி.

பாதிப் படி ஏறினால் ஒரு திருப்பம். அங்கே நிற்கும் மேடைக்கும் சுவருக்கும் நடுவே கைப்பிடி போட்ட ஓர் இடைவெளி, வெளிச்சம் கீழே இறங்குவதற்காக. மேடையில் நின்று கைப்பிடியில் சாய்ந்தேன். எதிரே, கை எட்டும் தூரத்தில், சுவரில்... வாய்.

வாய் மட்டும்தான் முதலில் தெரிந்தது. என் முகத்துக்கு நேரே. என் உள்ளங்கையை விட அகலமாக. மேலே மூக்கு. அதற்கு மேலே முறம் அளவுக்கு நெற்றி.

கை தானாக டேப்பை நீட்டியது. வாய், பன்னிரண்டு சென்டிமீட்டர்.

கழுத்து... தோள்... கைப்பிடிக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். கறை கீழே இறங்கியது. நான் நிற்கும் மேடையையும் தாண்டி இறங்கியது. கீழ்த்தளத்தில் இரண்டு முழங்கால்களின் தேய்ப்பும், தரையைத் தொடும் இடத்தில் கால்விரல்களின் தேய்ப்பும்.

கைப்பிடிக்கு அருகே ஒரு முடி ஒட்டியிருந்தது. தையல் நூல் அவ்வளவு தடிமன். அதன் வேரில் வெள்ளையாக, கடுகு அளவில், ஏதோ...

படியில் இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. கூடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பையிலிருந்த சுருள் நினைவுக்கு வந்தது. மற்ற தாள்களை அதுவரை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

11.48. விரித்தேன்.

தாள் ஒன்று, கூடம். தாள் இரண்டு, மாடிப்படி. தாள் மூன்று, குளியலறை. மூன்றிலும் அதே ஆள். அதே சாய்ந்த தலை, அதே கை. அளவுகோலை வைத்தேன். மூன்றிலும் முப்பத்து நான்கு மில்லிமீட்டர். மாற்றவே இல்லை. ஒரே ஆளை நகல் எடுத்து ஒட்டியிருக்கிறார்.

சிரிப்புத்தான் வந்தது, சத்தியமாக. இவ்வளவு பெரிய கலைஞர், கடைசியில் நம்மைப் போல ஒரு வாளிதானா என்று.

பிறகு பெருக்கிப் பார்த்தேன்.

கூடம், ஐம்பதில் ஒன்று. முப்பத்து நான்கை ஐம்பதால் பெருக்கினால் ஒரு மீட்டர் எழுபது.

குளியலறை, இருபதில் ஒன்று. அறுபத்தெட்டு சென்டிமீட்டர்.

மாடிப்படி, நூறில் ஒன்று. மூன்று மீட்டர் நாற்பது. பதினோரு அடிக்கு மேல்.

படத்தில் செய்த தப்பு சுவரில் அப்படியே நின்றது.

சின்ன அறையின் படத்தில் மட்டும் அவர் ஆளை வரையவில்லை. ஒரு அறையையாவது விட்டு வைத்திருந்தார்.

அதை நான் நிரப்பியிருக்கிறேன்.

பத்தில் ஒன்று. முப்பத்து நான்கு சென்டிமீட்டர். சுண்டுவின் பொம்மைத் தட்டு நாற்பது.

11.55. சின்ன அறை.

புதுப் பலகையின் வாசனை. அதற்கு அடியில்... அந்தத் தலையணை நாற்றம்.

கீழ்த்தட்டின் கதவை இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். ஒட்டிக்கொண்டு, பிறகு திறந்தது.

பின் பலகையில் இருந்தான். முழுதாக. நெற்றி, மூக்கு, வாய். வாய் என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. பக்கத்தில் ஒரு கை, பொம்மையின் கை மாதிரி, ஐந்து விரலும் தெளிவாக.

மற்ற மூன்றும் காய்ந்த கறைகள்.

இது ஈரம்.

வாயிலிருந்து இறங்கிய கோடு இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மெதுவாக. பார்த்துக்கொண்டே இருந்தேன். பலகையின் விளிம்புக்கு வந்தது. சொட்டாகத் தொங்கியது...

ப்ச்ச்ச்.

சத்தம். ஈரத் தோலைக் கண்ணாடியிலிருந்து பிய்க்கிற சத்தம்.

கூடத்திலிருந்து.

ப்ச்ச்ச். குளியலறையிலிருந்து. சின்னதாக.

மாடிப்படியிலிருந்து வந்ததை எழுத எனக்கு எழுத்து இல்லை. நனைந்த மெத்தையைத் தரையிலிருந்து உரித்தால் வரும்.

கதவைப் பிடித்திருந்த என் கட்டைவிரல் மேல் ஏதோ பட்டது.

வெதுவெதுப்பாக.

ஐந்து... புள்ளிகள்.

12.04. தெருவில் நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன் செய்து வரச்சொன்னேன். தம்பி 12.20க்கு வந்தான். "என்னக்கா, ஏன் வெயில்ல நிக்கிற?"

"சுண்டு இந்த வீட்டுல படுக்கக் கூடாது."

"என்ன ஆச்சு?"

"எதுவும் கேக்காத. போய் அலமாரி கீழ்த்தட்டைப் பாரு. கை மட்டும் வெச்சுடாத."

போனான். இரண்டு நிமிடத்தில் திரும்பி வந்தான். வலது கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தான். வைத்திருக்கிறான்.

"எலியா இருக்கும்" என்றான். அவன் முகம் எலி என்று சொல்லவில்லை. பேசி முடிக்கும் வரை துடைத்துக்கொண்டே இருந்தான்.

அவர்கள் குடிவரவில்லை. சுண்டு மூன்று நாள் அழுதாள். தம்பி மனைவி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. வாங்கின வீட்டுக்குப் பூட்டு போட வெச்சுட்டா என்று அவள் சொன்னது என் காதுக்கும் வந்தது. சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். தச்சரை விட்டு அலமாரியைக் கழற்றி எரித்தோம். பலகை எரிகிற நாற்றம் வரவில்லை, மயிர் கருகுகிற நாற்றம் வந்தது. என் படத்தையும் அந்த நான்கு தாள்களையும் அதே நெருப்பில் போட்டேன்.

அவர்களுக்கு வேறு வீடு தேடும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நான் கெடுத்ததை நான்தானே சரிசெய்ய வேண்டும்? சுண்டுவின் பள்ளிக்கூடம் அதே பகுதியில். அதனால் நான்கு தெரு தள்ளி, புதிதாகக் கட்டிய பத்து மாடிக் கட்டடத்தில், உச்சித் தளத்தில் ஒரு வீடு பிடித்தேன். முன்னால் யாரும் குடியிருக்காத வீடு. டார்ச்சும் டேப்புமாக அரை நாள் அலசினேன். கதவுக்குப் பின்னால், அலமாரிக்குள், குளியலறை மூலை, ஒவ்வொரு சுவராக. ஒரு புள்ளி கறை இல்லை. கூரை மூன்று மீட்டர்தான். மூன்று நாற்பது ஆள் இங்கே நிற்கவே முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சுண்டுவுக்குத் தனி அறை. பெரிய சன்னல். அவள் மறுபடியும் "இது என்னுது" என்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து மூன்று மாதம்.

போன செவ்வாய்க்கிழமை, மாலை 3.15. வீட்டுத் தரகர் ஆபீசுக்கு வந்தார். "அம்மா, அன்னைக்கு கேட்டீங்களே, அஞ்சாவது தாள். வீட்டைக் கட்டினவரோட பழைய பீரோ இழுப்பறைக்கு அடியில விரிச்சு வெச்சிருந்தாங்க. தம்பிகிட்ட சேர்த்துடுங்க."

கழிவுநீர்க் குழாய்ப் படம் இல்லை. அந்தப் பகுதி முழுவதுக்குமான படம். தெருக்கள், மனைகள், மரங்கள். இப்படிப்பட்ட படத்தில் யாரும் ஆளை வரைய மாட்டார்கள். மனிதன் வெறும் புள்ளியாகிவிடும் சுருக்கம் அது.

நான்கு தெரு தள்ளி, அப்போது காலி மனையாக இருந்த இடத்தின் ஓரத்தில், அவன் நின்றான். முதுகைக் காட்டி. தலையைச் சாய்த்து. கையைத் தூக்கி.

அளவுகோலை வைத்தேன். முப்பத்து நான்கு மில்லிமீட்டர்.

மூலையில் எழுதியிருந்தது: ஆயிரத்தில் ஒன்று.

மூன்று நான்கு மீட்டர் இல்லை. முப்பத்து நான்கு மீட்டர். பத்து மாடி.

நான் உள்ளே மட்டும்தான் அளந்தேன். வெளியே நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

3.25. தம்பி வீட்டுக்குப் போன் போட்டேன். சுண்டு எடுத்தாள்.

"அத்தை! அம்மா என் ஜன்னலைத் துடைக்கிறாங்க."

"ஏன்டா? அழுக்கா?"

"உள்ள இல்ல. வெளியில. எண்ணெய் மாதிரி. எத்தனை வாட்டி ஆள் வந்து கழுவினாலும் போகலையாம்."

"எப்போலேர்ந்து?"

"வந்த அன்னைலேர்ந்து. அப்புறம் அத்தை, கண்ணாடியில நாம ஊதினா வெள்ளையா ஆகுமே, அது மாதிரி ஆகும். அப்புறம் போயிடும். திரும்ப ஆகும். திரும்பப் போயிடும். நான் எண்ணுவேன்."

"எங்க ஆகும்? ஓரத்துலயா?"

"ஜன்னல் முழுக்க அத்தை."

அவள் சன்னலை நானே அளந்திருக்கிறேன். குறிப்பேட்டில் இருக்கிறது. அகலம் ஒரு மீட்டர் இருபது.

கூடத்தில் அவன் வாய் ஆறு சென்டிமீட்டர். இவன் அவனை விட இருபது மடங்கு.

"சுண்டு, அம்மாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கீழ வா. செருப்புகூடப் போட வேண்டாம். வா."

போனைக் காதோடு அழுத்தினேன்.

"சுண்டு?"

"அத்தை..." குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வான்னு சொன்னதும் ஊதுறது நின்னுடுச்சு."

பிறகு போனுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. கண்ணாடியிலிருந்து எதையோ பிய்க்கிற சத்தம். ரொம்ப நேரம் வந்துகொண்டே இருந்தது.

அம்மாவும் மகளும் வெறுங்காலோடு கீழே ஓடி வந்துவிட்டார்கள். தம்பியையும் சேர்த்து மூவரும் இப்போது என் வீட்டில் இருக்கிறார்கள். என் வீட்டுக்கு நான் படம் வரைந்தது கிடையாது, வரையவும் மாட்டேன். ஆனால் நேற்று சுண்டு ஒரு காகிதத்தை நீட்டினாள். "நம்ம எல்லாரையும் வரைஞ்சிருக்கேன் அத்தை." அம்மா, அப்பா, நான், அவள். ஓரத்தில் இன்னொருவர், முதுகைக் காட்டிக்கொண்டு. இது யார் என்று கேட்டேன். "தெரியல. கை தானா வரைஞ்சுது" என்றாள்.

அளவுகோல் மேஜையில்தான் இருக்கிறது. இன்னும் நான் அதை எடுக்கவில்லை.